மரத்தில் ஒரு மாஸ்டர் சோர்டு: முதன்முறை செய்பவர்களுக்கு

ஜெல்டா வீடியோ கேம்களை ஆடியவர்களுக்கு, அவற்றின் நாயகன் லிங்க் ஏந்தும் இந்த வாளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1991-ல் வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' ஆட்டத்தில் முதலில் தலைகாட்டியது, 1998-ல் 'ஓகரினா ஆஃப் டைம்', 2017-ல் 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' என்று ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறியது. ஆனாலும் பிடிக்கும் அலகுக்கும் நடுவில் சிறகு விரித்த மாதிரி இருக்கும் கைக்காப்பும் அலகின் அடியில் இருக்கும் மூன்று முக்கோணங்களும் போதும், பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். நிறையப் பேர் இதைத் தெர்மாகோலிலும் ஃபோமிலும் செய்கிறார்கள். நான் மரம்தான் என்பேன். கையில் எடுத்தால் கனம் தெரியும், பல வருடம் இருக்கும், அதோடு மரவேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாம் இதைச் சுற்றித்தான். வாள் செய்வதில் புதியவர்கள் ஓரத்தையும் முனையையும் பற்றியே கவலைப்படுவார்கள். கவலைப்பட வேண்டியது நடுக்கோடு. காகிதத்தில் போட்ட அந்தக் கோடு பலகையின் இரண்டு பக்கத்திலும் கடைசிவரை அழியாமல் இருந்தால் மற்ற பிழைகள் எல்லாம் திருத்தக்கூடியவை. அது போய்விட்டால் வாள் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் நேராகாது.

படம்

எந்த ஆட்டத்து வாள் என்று முடிவு செய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள். ஒன்றிலிருந்து பிடி, இன்னொன்றிலிருந்து கைக்காப்பு என்று கலந்தால் எதுவும் பொருந்தாது. நான் 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' வடிவத்தை வைத்தே சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் வாளைப் பீடத்திலிருந்து உருவ, லிங்கின் உயிர் அளவைக் காட்டும் இதயங்கள் 13 வேண்டும். அவ்வளவு தூரம் போனவர்கள் வாளை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்திருப்பார்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்திருப்பார்கள். அதில் நேர் பக்கவாட்டில் தெரியும் படம் ஒன்று போதும். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தை வைத்து அளவு எடுக்காதீர்கள், அலகு குட்டையாகவும் கைக்காப்பு அகலமாகவும் வந்துவிடும்.

மொத்த நீளம் 100 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். நான் பிரிப்பது இப்படி: அலகு 70, கைக்காப்பு 8, பிடி 16, அடியில் இருக்கும் குமிழ் 6. அலகின் அகலம் 5.5 செ.மீ., கைக்காப்பின் சிறகு நுனிக்கு நுனி 22 செ.மீ. இது சராசரி உயரமுள்ள ஒருவர் கையில் எடுத்தால் ஆட்டத்தில் லிங்க் பிடித்திருக்கும் தோற்றத்துக்குப் பக்கத்தில் வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் எல்லாவற்றையும் முக்கால் பங்காக்குங்கள், பலகையின் கனத்தை, அதாவது தடிமனை, மட்டும் குறைக்காதீர்கள்.

கணினியில் படத்தை 100 செ.மீ.க்குப் பெரிதாக்கி ஏ4 தாள்களில் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டலாம். தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதால் ஒட்டுக்கு இடம் விட்டு நான்கு தாள் பிடிக்கும். ஆனால் அச்சிட்டதை அப்படியே பலகையில் ஒட்டி வெட்டாதீர்கள். சார்ட் அட்டை ஒன்றை நீளவாக்கில் மடித்து, மடிப்பை நடுக்கோடாக வைத்து வாளின் ஒரு பாதியை மட்டும் அதில் வரைந்து, மடித்தபடியே வெட்டிப் பிரித்தால் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். கையால் வரைந்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்குவது தேர்ந்த கைகளுக்கே சிரமம், மடிப்பு அந்த வேலையைச் சும்மா செய்து தருகிறது. கைக்காப்புக்கும் இதே முறைதான்.

மரம் வாங்கும்போது

அலகும் பிடிக்குள் போகும் தண்டும் ஒரே பலகையாக இருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது. அலகைத் தனியாகச் செய்து பிடியில் சொருகி ஒட்டினால் என்றைக்காவது ஒரு நாள் கைக்காப்புக்கு மேலே முறியும். ஆகவே 105 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 12 மி.மீ. கனம், அதாவது ஏறக்குறைய அரை இன்ச், உள்ள நேரான பலகை ஒன்று தேவை. மரக்கடையில் அளவு சொன்னால் அறுத்து இழைத்தே தருவார்கள். கதவு, ஜன்னல் வேலை நடக்கும் பட்டறையில் கேட்டால் மிச்சத் துண்டுகளிலேயே இது கிடைத்துவிடும்.

என்ன மரம்? கையில் காசு இருந்தால் தேக்கு. சீராக இழைபடும், எளிதில் வளையாது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் ஒட்டுவதற்கு முன் ஒட்டும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் முயற்சிக்கு பைன் மரமும் நல்லது, பேக்கிங் பெட்டி உடைத்த பலகைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கும். ஆனால் கணு இல்லாத துண்டாகத் தேட வேண்டியிருக்கும், ஆணி ஏதாவது உள்ளே முறிந்து கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளைவுட்டை அலகுக்கு எடுக்காதீர்கள். ஓரத்தைச் சரிக்கும்போது ஒவ்வொரு அடுக்காக வெளியே தெரியும், சிலும்பு சிலும்பாகப் பெயரும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை அதைவிட மோசம், அதில் நீளவாக்கில் ஓடும் நாரே கிடையாது, தண்டு பட்டென்று ஒடியும்.

பலகையை எடுத்ததும் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனைவரை பாருங்கள், வளைவோ முறுக்கோ இருந்தால் தெரிந்துவிடும். அடுத்து, பக்கவாட்டில் ஓடும் நார்க் கோடுகளைப் பாருங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. கோடுகள் பலகையின் நீளத்தோடு ஒட்டியே ஓடினால் நல்ல பலகை. பாதியிலேயே சரிந்து ஓரத்தைத் தாண்டி வெளியே போனால், போகும் அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் விடும், அதுவும் முனைக்குப் பக்கத்தில் அப்படி இருந்தால் கீழே ஒரு முறை விழுந்தாலே முனை போய்விடும். அறுத்துப் புதிதாக வந்த பலகை என்றால் வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் சில வாரம் கிடத்தி வையுங்கள். ஈரம் காயும்போது வளைகிற பலகை, வாளாவதற்கு முன்பே வளைந்துவிட்டுப் போகட்டும்.

அறுப்பது

பலகையின் இரண்டு முகத்திலும் நடுக்கோடு போடுங்கள், இரண்டு முனைகளின் கனத்திலும் அதைத் தொடர்ந்து இழுத்து இணையுங்கள். அட்டையின் மடிப்பை அந்தக் கோட்டில் உட்காரவைத்து வெளிவடிவத்தை வரையுங்கள். அலகுக்குக் கீழே தண்டின் அகலம் 3 செ.மீ., அது கைக்காப்பு, பிடி, குமிழ் மூன்றுக்கும் உள்ளே ஓடும். அலகு 5.5-லிருந்து 3-க்குக் குறுகும் இடத்தில் உள்மூலை இரண்டு வரும். அந்த மூலைகளைச் சதுரமாக அறுக்காதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். முதலில் 6 மி.மீ. துளை ஒவ்வொரு மூலையிலும் போட்டுவிட்டு அந்தத் துளைவரை அறுத்தால் மூலை வளைவாக நிற்கும், கைக்காப்பு அதை மறைத்தும் விடும்.

ஜிக்சா என்ற மின் ரம்பம் இருந்தால் மெல்லிய பல் உள்ள பிளேடு போடுங்கள். அதன் பல் மேல்நோக்கி வெட்டுவதால் மேல் முகத்தில்தான் சிலும்பும், கோட்டின் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டி அதன் மேலேயே கோட்டைத் திரும்ப வரைந்து அறுத்தால் அது குறையும். ஜிக்சா இல்லையென்றால் கை ரம்பமே போதும், இந்த வாளில் பெரும்பகுதி நேர்கோடுதான். எதில் அறுத்தாலும் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டே அறுங்கள். மிச்சத்தை இழைப்புளியும் அரமும் பார்த்துக்கொள்ளும். பலகையை மேசையோடு சி-கிளாம்ப் போட்டு இறுக்காமல் அறுக்கத் தொடங்காதீர்கள். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது பழகிய ஆசாரிகளுக்கு வரும், நமக்கு வேண்டாம். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரிவு எடுப்பது

வாள் வாளாக மாறுவது இங்கேதான், நேரம் அதிகம் போவதும் இங்கேதான், எனவே அவசரப்படாதீர்கள். அலகின் குறுக்குவெட்டு நடுவில் உயர்ந்து இரண்டு ஓரத்துக்கும் சரியும் வடிவம். நடுவில் பலகையின் முழுக் கனம் 12 மி.மீ. அப்படியே இருக்கும், ஓரத்தில் 3 மி.மீ. மட்டும் நிற்கும். ஆகவே அலகின் ஓரக் கனத்தில் ஒவ்வொரு முகத்திலிருந்தும் 4.5 மி.மீ. தள்ளிக் கோடு இழுங்கள். இடையில் 3 மி.மீ. பட்டை மிஞ்சும். பென்சிலை விரல்களுக்கிடையில் பிடித்து நடுவிரலை ஓரத்தில் ஓட்டி இழுத்தாலே கோடு நேராக வரும். கைக்காப்பிலிருந்து முதல் 8 செ.மீ.யைச் சரிக்காமல் தட்டையாகவே விடுங்கள், முக்கோணச் சின்னம் உட்கார வேண்டிய இடம் அது. அங்கே குறுக்கே ஒரு நிறுத்தக் கோடு போட்டுவிடுங்கள்.

இப்போது வேலை என்னவென்றால் நடுக்கோட்டுக்கும் ஓரக் கோட்டுக்கும் இடையில் உள்ள மரத்தை மட்டும் எடுப்பது. இரண்டு கோடுகளும் கடைசிவரை தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்குங்கள். இழைப்புளியைச் சாய்த்துப் பிடித்து ஓர முனையை மட்டும் மெல்லிய பட்டையாக எடுத்து, அந்தப் பட்டை அகலமாகிக்கொண்டே நடுக்கோட்டை நோக்கி நகரும்படி இழையுங்கள். சீவல் முழு நீளத்துக்குச் சுருண்டு வந்தால் சரியான திசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். மரம் பிய்ந்து, நார் குத்திட்டு, சொரசொரவென்று சத்தம் வந்தால் நாருக்கு எதிராகப் போகிறீர்கள், பலகையைத் திருப்பிப்போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து இழையுங்கள். ஒரே பலகையில் ஒரு பக்கம் ஒரு திசையும் மறு பக்கம் வேறு திசையும் கேட்பது சகஜம்.

மொத்தம் நான்கு சரிவுகள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், நான்கையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு பக்கத்து மரத்தை மட்டும் நிறைய எடுத்துவிட்டால் உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து பலகை அந்தப் பக்கம் வளையக்கூடும், கூடவே சரிவுகளின் கோணமும் ஒன்றுபோல வராது. கடைசி அரை மில்லிமீட்டர் இருக்கும்போது இழைப்புளியை வைத்துவிட்டு, தட்டையான கட்டையில் 80 நம்பர் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். கட்டை இல்லாமல் விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் நடுமுகடு மழுங்கிவிடும். அந்த முகடு கூர்மையாக நின்றால்தான் வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்து மறு பக்கம் நிழலாகி அலகுக்கு உயிர் வரும்.

முகடு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை அலகின் ஒரு பக்கத்தில் தாழ்வாக வைத்து மறு பக்கம் விழும் நிழலின் ஓரத்தைப் பாருங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத அலைவு அப்போது பளிச்சென்று தெரியும். தெரிந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டு, அங்கே மட்டும் தேயுங்கள்.

இழைப்புளி நிறுத்தக் கோடு வரைக்கும் போகாது. அந்த இடத்தில் உளியாலும் தட்டை அரத்தாலும் சரிவைக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். முனையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதையும் அரத்தால்தான். குத்தும் அளவுக்குக் கூர் வேண்டாம், ஓரத்தையும் 3 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம், லேசாக உருட்டிவிட்டால் போதும். மர ஓரம் மெலிந்தால் பார்க்க நன்றாக இருக்கும்தான், ஆனால் முதல் முறை மேசையில் இடிக்கும்போதே பல்லுப் பல்லாகப் போகும். அப்புறம் 120, 180, 220 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள், எப்போதும் நாரின் திசையில்.

கைக்காப்பும் பிடியும்

அலகுக்கு வேண்டாம் என்ற பிளைவுட் கைக்காப்புக்கு ரொம்பப் பொருத்தம். சிறகின் நுனிகள் மெலிந்து வளைவதால் திட மரத்தில் செய்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு நுனி உதிரும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிக் குறுக்காக இருப்பதால் தாங்கும், எப்படியும் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரே வடிவத்தை மூன்று வெட்டுங்கள். அதில் ஒன்றின் நடுவில் தண்டு உட்காரும்படி 3 செ.மீ. பட்டையை எடுத்துவிட்டால் இடது சிறகு, வலது சிறகு என்று இரண்டு துண்டாகும். இவை தண்டின் இரு பக்கமும் ஒட்டும், மற்ற இரண்டும் முன்னும் பின்னும் மூடும். தண்டு அறுத்தெடுக்கப்பட்ட அதே பலகையின் கனமும் நடு அடுக்கின் கனமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒட்டுவதற்கு முன் வைத்துப் பார்த்துவிடுங்கள். பலகையை இழைத்திருந்தால் அது 11 மி.மீ. ஆகியிருக்கும், அப்போது நடு அடுக்கையும் தேய்த்துக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வாள் கைக்காப்புக்குள் ஆடும்.

பெவிகாலை மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டு, ஒரு இரவு விடுங்கள். கிளாம்ப் போதவில்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள், வளைந்த வடிவங்களுக்குக் கிளாம்பைவிட அதுவே மேல். பிதுங்கி வரும் பசையை ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்துபோன பசையின் மேல் வார்னிஷ் பிடிக்காது, வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

பிடிக்குத் தண்டின் இரு முகத்திலும் 9 மி.மீ. கனத்தில் ஒவ்வொரு மரத்துண்டு. குமிழுக்கும் அப்படியே, சற்றுக் கனமாக. ஒட்டிக் காய்ந்ததும் பிடியின் குறுக்கே இரண்டு இடத்தில் துளை போட்டு 6 மி.மீ. மூங்கில் குச்சியைப் பசை தடவி அடித்து இறக்குங்கள். பசை என்றைக்காவது விட்டாலும் குச்சி விடாது. அப்புறம் அரத்தால் மூலைகளை உருட்டுங்கள். வட்டமாக ஆக்கிவிடாமல் நீள்வட்டமாக நிறுத்தினால், கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் அலகின் ஓரம் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். அடிக்கடி கையில் பிடித்துப் பார்த்துத்தான் இதை முடிக்க முடியும், அளவுகோல் இங்கே உதவாது.

கைக்காப்பின் நடுவில் இருக்கும் மஞ்சள் கல்லுக்கு, தையல் பொருள் விற்கும் கடையில் ஆரி வேலைக்கு வைத்திருக்கும் பெரிய தட்டைக் கற்களைப் பாருங்கள். கல்லை வைத்துச் சுற்றி வரைந்து, உளியால் 2 மி.மீ. ஆழம் குடைந்து உட்காரவைத்தால் மேலே ஒட்டியது போலத் தெரியாது. பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லை ஒட்ட வேண்டும்.

முக்கோணங்கள்

30 மி.மீ. பக்கம் உள்ள சமபக்க முக்கோணம் ஒன்று வரையுங்கள், உயரம் ஏறக்குறைய 26 மி.மீ. வரும். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்தால் உள்ளே தலைகீழ் முக்கோணம் ஒன்று கிடைக்கும். அதை வெறுமையாக விட்டுவிட்டு மற்ற மூன்றையும் நிரப்பினால் டிரைஃபோர்ஸ், ஜெல்டா ஆட்டங்களின் அந்த முக்கோணச் சின்னம். செதுக்க ஆசை வரும், எனக்கும் ஆசைதான். ஆனால் மூன்று முக்கோணங்களின் நுனிகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மரம் ஊசி முனை அளவுதான் மிஞ்சும், உளி பட்டதும் தெறித்துவிடும். புதியவர்கள் மாஸ்க்கிங் டேப்பில் வெட்டி ஸ்டென்சிலாக ஒட்டி, தங்க நிற அக்ரிலிக் பெயிண்ட்டை ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி எடுப்பதே நல்லது. பெயிண்ட்டைத் தண்ணீராக்கினால் டேப்புக்கு அடியில் நார் வழியே கசியும். டேப் ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் மட்டும் ஒரு பூச்சு கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவைத்துவிட்டால் கசிவு வெகுவாகக் குறையும்.

பூச்சு

அலகுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்கலாமா என்று பலரும் யோசிப்பார்கள். அடிக்கலாம், பிரைமர், உப்புத்தாள், மறுபடி பிரைமர் என்று கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினால் மட்டும். உலோக நிறப் பெயிண்ட் சின்னக் கீறலைக்கூடக் காட்டிக்கொடுக்கும். என் கருத்து வேறு: அலகை மரமாகவே விடுங்கள். கைக்காப்பு கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில், பிடியைச் சுற்றிப் பச்சைப் பட்டை, அலகு மட்டும் தேக்கின் நிறத்தில். இவ்வளவு பாடுபட்டு எடுத்த சரிவையும் நார்க் கோடுகளையும் பெயிண்ட்டுக்கு அடியில் புதைப்பானேன்?

மரமாக விடுவதென்றால் கிளியர் பாலியுரித்தேன் மூன்று மெல்லிய பூச்சு, நடுவில் 320 நம்பர் தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. ஆளிவிதை எண்ணெய் தேய்த்தாலும் அழகான நிறம் வரும். ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயும்போது வெளிவரும் சூடு உள்ளேயே தங்கித் துணி தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். எந்தப் பூச்சாக இருந்தாலும் இரண்டு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால் மறு பக்கம் ஈரத்தை இழுத்து மழைக்காலத்தில் அலகு வளையும்.

பிளைவுட்டின் வெட்டு முகம் பெயிண்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் கைக்காப்பின் ஓரங்களுக்கு முதலில் பட்டி போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் பிரைமர். அலகைச் செய்தித்தாளால் சுற்றி டேப் போட்டுவிட்டு அடியுங்கள். பச்சைப் பட்டைக்கு 1 செ.மீ. அகல ரெக்ஸின் அல்லது தோல் துண்டு போதும், மேலிருந்து கீழே ஒரு சுற்று, கீழிருந்து மேலே எதிர்ச் சுற்று என்று குறுக்காகப் போனால் பின்னல் விழும். பட்டையின் தொடக்கமும் முடிவும் கைக்காப்புக்கும் குமிழுக்கும் ஒட்டிய இடத்தில் வரட்டும், உள்ளங்கை படும் இடத்தில் முடிச்சு இருந்தால் உறுத்தும்.

இது காட்சிக்கும் வேடத்துக்கும் செய்த வாள், இன்னொரு வாளோடு மோதவிட அல்ல. கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் காஸ்பிளே நிகழ்ச்சிக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அங்கே மர வாள் அனுமதி உண்டா, நீள வரம்பு என்ன என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ போகும்போது துணிப் பைக்குள் முழுதாக மூடியே எடுத்துப் போங்கள், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மரம் என்று தெரியாது.

வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், சாய்ந்தே நின்றால் சில மாதத்தில் அலகு வில்லாகும். சுவரில் இரண்டு முளை அடித்து, ஒன்று கைக்காப்பை ஒட்டிய பிடியிலும் மற்றது அலகின் முக்கால் தூரத்திலும் தாங்கும்படி படுக்கவைத்து மாட்டுங்கள். முளைகளுக்குத் துணியோ ஃபெல்ட்டோ சுற்றிவிட்டால் பூச்சு தேயாது. வெயில் நேராக விழும் சுவர் மட்டும் வேண்டாம்.